பிட்டுக்குள் இருக்கும் மா

சலரோகம் இருப்பது தெரியவந்த நாளிலிருந்து என் பெரியம்மா இரவில் சோற்றை நிறுத்திவிட்டு, நாள் தவறாமல் பிட்டு அவித்து உண்ணத் தொடங்கினார். சோற்றில் மாப்பொருள் அதிகம், பிட்டோ ஆவியில் வெந்த இலகுவான உணவு என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது இரத்தச் சர்க்கரை முன்பிருந்த அளவையும் தாண்டியிருந்தது. “பிட்டும் கூடாதெண்டால் நான் பிறகு எதைத்தான் தின்னுறது, பிள்ளை?” என்று அவர் கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்ல முடியவில்லை. ஏனெனில் பிட்டு என்பது ஒரு செய்முறையின் பெயர். அந்தச் செய்முறைக்குள் எந்தத் தானியத்தின் மா போகிறது, அது எப்படி அரைக்கப்பட்டது, அதன் அருகில் எதை வைத்து எவ்வளவு உண்கிறோம் என்பவற்றை அந்தப் பெயர் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்து அடுப்பில் கடந்த எண்பது ஆண்டுகளில் பிட்டின் பெயரும் உருவமும் அப்படியே நிற்க, உள்ளிருக்கும் மா மட்டும் பெரும்பாலான வீடுகளில் மாறிவிட்டது.

பிட்டு நம்மிடம் மட்டும் உள்ள உணவன்று. மதுரையில் வைகை பெருகியபோது, கரையை அடைக்க ஆளின்றித் தவித்த வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார் என்ற கதையைச் சைவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆவணி மூல நாளில் அங்கே இன்றும் பிட்டுத் திருவிழா நடைபெறுகிறது. அரிசிமா, தேங்காய், ஆவி ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த முறை கேரளத்திலும் சிங்கள மக்களிடத்திலும் இருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் மூங்கிற் குழலில் அவிக்கப்படும் பலகாரத்துக்கும் ‘புத்து’ என்றே பெயர். மற்ற இடங்களில் குழல் பெற்ற இடத்தை யாழ்ப்பாணத்தில் நீத்துப்பெட்டி பெற்றது. பனையோலையால் கூம்பு வடிவில் இழைத்த இந்தப் பெட்டியைக் கொதிக்கும் பானையின் வாயில் இறக்கி வைத்தால், ஆவி ஓலையின் இடுக்குகளெங்கும் ஊடுருவி மாவைச் சுற்றிச் சுற்றி வேகவைக்கும். ஆவி குளிர்ந்து நீராகும்போது அந்த ஈரத்தை ஓலை தானே உறிஞ்சிக்கொள்வதால், உலோகப் பாத்திரத்தில் அவித்த பிட்டைப் போல ஓரங்கள் குழைந்துபோவதில்லை. ஓலையின் மணமும் மாவில் ஏறும். பனை நிறைந்த ஒரு நிலத்தில் பிட்டு அன்றாட உணவாக நிலைத்ததற்கு இந்தப் பாத்திரமும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

மா குழைப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். வறுத்த மாவில் உப்பிட்டு, கொதிநீரைச் சிறுகச் சிறுக விட்டு, சூடு கையைச் சுடாதபடி அகப்பைக் காம்பால் கிளறி, மா சிறு கட்டிகளாகத் திரண்டு வரும்போது ஒரு பேணியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் கொத்திக்கொண்டே போவார்கள். கட்டிகள் உடைந்து கடுகினும் சற்றுப் பெரிய மணிகளாகும். நீர் ஒரு கை கூடினால் களியாகிவிடும். குறைந்தால் அவிந்த பிறகும் தொண்டையில் மா அடைக்கும். தேங்காய்ப்பூவைக் கலந்து, அமுக்காமல் பெட்டியில் தூவி நிரப்பி, மூடி வைக்க வேண்டும். “மா வறுபட்ட மணம் தெருவுக்குக் கேக்க வேணும்” என்பது என் அம்மம்மாவின் அளவுகோல். மணத்தையும் ‘கேட்பது’ எங்கள் ஊர் வழக்கு.

அம்மம்மா வறுத்தது சிவப்புப் பச்சையரிசி மா. மானாவாரியாக, மாரி மழையை மட்டும் நம்பி விளைந்த மொட்டைக்கறுப்பன் போன்ற நாட்டு நெல்லினங்களின் அரிசி அது. ஊறவைத்து, நீர் வடித்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, மேலே நிற்கும் கப்பியை மறுபடி இடிப்பார்கள். உரலில் இடிபட்ட அரிசியில் தவிட்டின் பெரும்பகுதி மாவோடு தங்கிவிடும். அரிசியின் நார்ச்சத்தும், இரும்பும், தயமின் எனப்படும் B1 உயிர்ச்சத்தும், சிவப்பு நிறத்தைத் தரும் நிறப்பொருள்களும் அந்தத் தவிட்டில்தான் இருக்கின்றன. ஆலையில் தீட்டி வெளுத்த அரிசியை அரைத்தால் கிடைப்பது ஏறக்குறைய வெறும் மாப்பொருள்தான்.

தவிட்டோடு போவது என்ன என்பதை மருத்துவ உலகம் விலை கொடுத்தே கற்றது. அந்தப் பாடத்தில் தமிழர் உணவுக்கும் ஒரு பங்குண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொண்டுபோனபோது, தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களிடம் அந்நோய் பரவியதையும், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது பெரிதும் தீண்டாததையும் அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். 1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றப் பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பெரிபெரிக்கு ஆளாகினர், அவர்களுள் பலர் இறந்தும் போயினர். புழுங்கல் அரிசிப் பிரிவோ ஏறத்தாழ நோயின்றி இருந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவானது. பிட்டுக்குரிய பச்சையரிசிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பச்சையரிசியைப் பொறுத்தமட்டில் தவிடு போனால் எல்லாம் போயிற்று.

அரிசி எக்காலத்திலும் யாழ்ப்பாணத்துக்குப் போதுமான அளவில் விளைந்ததில்லை. அந்தக் குறையை நிரப்பியவை ஒடியலும், கேழ்வரகு என்றும் சொல்லப்படும் குரக்கனும். பனம்பழக் காலம் முடிந்ததும் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டு மூடினால், நான்கைந்து மாதத்தில் மண்ணுக்குள் கிழங்கு இறங்கியிருக்கும். பச்சைக் கிழங்கைத் தோல் நீக்கிக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புளுக்கொடியல். ஒடியல் மாவில் நார் நிறைய உண்டு. அதோடு அதற்கு ஒரு கசப்பும் உண்டு. அந்தக் கசப்பை வெறும் சுவைக் குறையாக எண்ணிவிடக் கூடாது. 1971இல் வெளியான ஆய்வொன்றில், பனங்கிழங்கு மா ஊட்டப்பட்ட எலிகளில் நச்சு விளைவுகள் பதிவாயின. நம் முன்னோர் ஆய்வுகூடம் எதுவுமின்றியே ஒடியல் மாவை மணிக்கணக்கில் நீரில் ஊறவிட்டு, தெளிந்து நிற்கும் நீரை ஊற்றிவிட்டு, மறுபடி நீர் விட்டு, பிழிந்த பிறகே கூழுக்கும் பிட்டுக்கும் எடுத்தார்கள். ஒடியலை இன்று புதிதாகச் சமைக்க முனைகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: அவசரத்துக்காக ஊறவைக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். நன்கு ஊறிப் பிழிந்த மாவில் கூனி இறாலும், அரிந்த கீரையும், பயற்றங்காயும், பச்சைமிளகாயும் கலந்து அவித்த ஒடியற் பிட்டு, தனியே கறி வேண்டாத ஒரு முழு உணவு.

குரக்கன் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் முதன்முதல் பயிராக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தென்னாசியாவுக்கு வந்து சேர்ந்த தானியம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் ஒரு சிறு துளிதான். பாலைத் தவிர்க்கும் முதியவர்களுக்கு இது பெரிய துணை. ஆனால் குரக்கன் என்ற பெயரைக் கேட்டதுமே சர்க்கரை ஏறாது என்று நம்பிவிடுவதும் பிழை. மா எவ்வளவு நுண்மையாக அரைபடுகிறதோ, அவ்வளவு விரைவாகக் குடலில் செரித்துக் குளுக்கோசாகிவிடும். திரிகையில் கரகரப்பாக அரைத்த குரக்கன் மாவுக்கும் ஆலையில் தூளாக்கிய மாவுக்கும் இடையே இந்த வேறுபாடு இருப்பதை இலங்கையில் நடந்த ஆய்வும் காட்டியிருக்கிறது. பொதியில் வரும் குரக்கன் மா முகப்பூச்சுத் தூளைப் போல மென்மையாக இருந்தால் அதன் நற்பெயரில் பாதியைக் கழித்துவிடலாம்.

கோதுமை மா இந்த அடுப்புக்குள் வந்த விதம் தனிக்கதை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. பாண் என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றார்கள் என்றாலும், சாதாரண வீடுகளின் அன்றாட உணவில் கோதுமை மாவுக்கு நீண்ட காலம் பெரிய இடம் இருக்கவில்லை. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கொடுக்கப்பட்டது. போர் முடிந்த பிறகும் மா நிற்கவில்லை. அமெரிக்காவிலிருந்து உதவியாகவும் கடனாகவும் வந்த மாவைச் சங்கக்கடையில் வாங்கிய தலைமுறை அதற்கு ‘அமெரிக்கன் மா’ என்றே பெயர் வைத்தது. இன்றும் வயதானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் வெள்ளை மா தீவெங்கும் தட்டின்றிக் கிடைக்கும் பொருளாயிற்று. ஊறவைத்தல், இடித்தல், அரித்தல், வறுத்தல் என்று ஒரு பகற்பொழுதைத் தின்ற வேலை, கடைக்குப் போய்வரும் பத்து நிமிடத்துக்குள் அடங்கியது. அந்த வேலை முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது என்பதை நினைத்தால், மா மாறியதற்காக அவர்களை யாரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் கோதுமை மா நேராகப் பிட்டாகாது. அதிலுள்ள குளுட்டன் என்னும் புரதம் நீர் பட்டதும் இழுபட்டு ஒட்டிப் பசையாகிவிடும். நம் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். மாவைத் துணியில் முடிந்து, நீர் சேர்க்காமல் ஆவியில் வைத்து அவித்து, சுடச்சுடக் கட்டியை உடைத்து அரிதட்டில் அரித்தால், வெப்பத்தில் அந்தப் புரதத்தின் இழுபடும் தன்மை போய்விடும். பிறகு மா அரிசிமாவைப் போலவே மணிமணியாகத் திரளும், இடியப்ப உரலிலும் தடையின்றி இறங்கும். ‘அவித்த மா’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்தத் தந்திரத்தை நான் ஓர் உயர்ந்த சமையற் கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன். இதன் மூலம் ஓர் அந்நியத் தானியம் நம் பிட்டின் உருவத்துக்குள் முழுமையாக மறைந்துகொண்டது. மறைந்ததால்தான் மாற்றம் யார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரியவில்லை. முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் நார் இருக்கும். தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மாவில் அது 3 கிராமையும் எட்டாது.

இடையில் மா கிடைக்காத காலங்களும் வந்தன. 1970களில் இறக்குமதி இறுக்கப்பட்டபோது பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பலோடு உண்டார்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தோம். ஒடியலும் குரக்கனும் வேறு வழியின்றித் திரும்பி வந்தன. அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. குரக்கன் பிட்டைக் கண்டதும் “இது இடம்பெயர்ந்த காலத்துச் சாப்பாடு” என்று முகம் சுளிக்கிறவர்களிடம் அதன் கல்சிய அளவைச் சொல்லிப் பயனில்லை என்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பசியோடு சேர்ந்து நாவில் பதிந்த சுவையை மாற்றுவது எளிதன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியபோதும் வீடுகள் சில மாதங்களுக்கு அரிசிமாவுக்குத் திரும்பின.

இனிப் பெரியம்மாவின் கேள்விக்கு வரலாம். அரிசி சோறாக வேகும்போது தன் எடையைவிட அதிகமான நீரைக் குடித்துப் பருக்கிறது. பிட்டு மாவோ தன் எடையிலும் குறைந்த நீரையே ஏற்கிறது. ஆகவே ஒரே எடையுள்ள சோற்றையும் பிட்டையும் தராசில் வைத்தால், பிட்டில்தான் மாப்பொருள் கூடுதலாக இருக்கும். அதிலும் அது ஏற்கெனவே தூளாகிவிட்ட மாப்பொருள். முழு அரிசிப் பருக்கையைப் போல அதைக் கரைக்கக் குடல் பாடுபட வேண்டியதில்லை. சோற்றை விட்டுப் பிட்டுக்கு மாறிய பெரியம்மா, வெள்ளை மாவில் அவித்த பிட்டை ஒரு நீத்துப்பெட்டி முழுவதும் உண்டுகொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பிரட்டல், மாம்பழக் காலத்தில் கூடவே ஒரு கறுத்தக் கொழும்பான். தட்டில் இருந்த மூன்றும் ஒரே திசையில்தான் இழுத்தன.

பழைய தட்டில் இருந்த எதிர்விசைகளையும் சொல்ல வேண்டும். பிட்டில் கலக்கும் தேங்காய்ப்பூவில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் சக்கை நீக்கிய பாலில் இல்லாத நார் பூவில் இருக்கிறது. ஆகவே பிட்டிலும் பூவைக் கொட்டி, மேலே கட்டிப்பால் சொதியையும் ஊற்றுவதைவிட, பூவை அளவாகக் கலந்து சொதியைத் தண்ணீராக வைப்பது நல்லது. சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தேசிக்காய்ப்புளி விட வேண்டும் என்பது பால் திரையாமல் இருக்கச் சொன்ன விதிதான் என்றாலும், வெப்பத்தில் அழியும் உயிர்ச்சத்து C-யையும் அது காக்கிறது; அந்த உயிர்ச்சத்து கீரையிலும் சிவப்பரிசியிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி அதற்கு நேரெதிராக இரும்பைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். அரிசிமாவோடு வறுத்த உழுத்தம்மாவைக் கலந்து அவிக்கும் பிட்டும் நம்மிடம் உண்டு. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பு வகைகளில் நிறைவாக இருப்பதால், இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. கருவாடும் ஊறுகாயும் சேரும் தட்டில் உப்பு எல்லை மீறும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

உடலுழைப்பும் அந்தத் தட்டின் ஒரு பகுதியாக இருந்தது. துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்து, விடியலுக்கு முன்பே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் இறைத்தவர்கள் இரண்டு நீத்துப்பெட்டிப் பிட்டை உண்டாலும் அது உச்சி வெயிலுக்குள் எரிந்துவிடும். நீரிறைக்கும் இயந்திரம் வந்து துலா போய் இரண்டு தலைமுறையாகிவிட்டது. பெட்டியின் அளவு மட்டும் போகவில்லை. 2005–06இல் இலங்கையில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 10 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. உள்நாட்டுப் போர் காரணமாக வட மாகாணம் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. நம் வீடுகளில் நோய் பெருகிய அந்த ஆண்டுகள் எண்ணப்படாமலே கடந்தன.

பெரியம்மா பிட்டை விடவில்லை. இப்போது சிவப்பரிசியை வாங்கி ஊறவைத்து, அருகிலுள்ள மில்லில் கரகரப்பாக அரைப்பித்து வீட்டில் வறுக்கிறார். மூன்று சுண்டு அரிசிமாவுக்கு ஒரு சுண்டு குரக்கன் மா. குழைத்த மாவின் அளவுக்குச் சரியாக முருங்கையிலையைக் கலந்து அவிப்பதால், பெட்டி பார்வைக்கு முன்போலவே நிறைந்திருந்தாலும் உள்ளே மா பாதிதான். உருளைக்கிழங்கின் இடத்தில் கத்தரிக்காய்க் குழம்போ மீன் சொதியோ இருக்கிறது. மாம்பழத்தை இரவுச் சாப்பாட்டிலிருந்து எடுத்து, பகலில் இரண்டு துண்டாக வைத்துக்கொண்டார். மருந்தையும் விடவில்லை. நீத்துப்பெட்டி பழசாகி ஓரம் பிரிந்துவிட்டதால், நல்லதாக இழைக்கத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று போன கிழமை என்னிடம் விசாரித்தார்.